தொட்ட வசனத்துக்கு அடுத்த வசனம்

ஐப்பசி பிறந்துவிட்டால் என் வலது கை ஆள்காட்டி விரல் சிவந்துவிடும். எங்கள் வீட்டு வேதப் புத்தகத்தின் தாள் ஓரங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசியிருந்தார்கள். வெயில் காலமெல்லாம் சாதுவாக இருக்கும் அந்தச் சாயம், மழை ஈரம் பட்டதும் கசிந்து, பக்கம் புரட்டுகிற விரலில் ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெய் விளக்கின் புகையும், கூரையில் நனைந்த ஓலையின் நெடியும், அந்தத் தோல் அட்டையின் ஈர வாசனையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறும். மற்றப் பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு முன்னால் வருகிற வயிற்று வலி, எனக்குத் தினமும் காலையில் வேதம் வாசிப்பதற்கு முன்னால் வந்தது.

உத்திரமேரூர் போகிற சாலையிலிருந்து பிரிந்து, ஏரிக்கரையை ஒட்டியே நடந்தால் வருகிற ஒரு சிறிய ஊரின் காலனி எங்களுடையது. ஊர் மேட்டில் இருந்தது, காலனி ஏரிக்கரைக்குக் கீழே பள்ளத்தில் இருந்தது. இதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லாத காலம், எழுபதுகளின் கடைசி. அம்மாவும் நைனாவும் ஊரார் நிலத்தில் நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று கூலிக்குப் போகிறவர்கள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. அம்மாவின் கல்யாணத்துக்கு அவள் பிறந்த வீட்டில் கொடுத்த அந்தப் புத்தகம், நான் நாலாம் வகுப்புக்குப் போய்ச் சரளமாக வாசிக்கும்வரை தகரப் பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவே கும்பிடப்படுகிற பொருளாக மட்டுமே இருந்தது. நான் வாசிக்கத் தொடங்கியதும்தான் வீட்டில் கடவுள் பேச ஆரம்பித்தார். அவர் என் வாய் வழியாகப் பேசினார் என்பதுதான் என்னுடைய கஷ்டம்.

எங்கள் காலனியில் அதற்குப் பெயர் "தொட்டுப் படிக்கிறது". காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அம்மா முகம் கழுவி, முந்தானையைத் தலைக்குப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தை ஏதோ ஓரிடத்தில் திறந்து விரலை வைப்பாள். விரல் எந்த வசனத்தில் விழுகிறதோ அதை நான் படிக்க வேண்டும். அந்த ஒரு வசனம்தான் அன்றைக்கு எங்களுக்குக் கர்த்தர் சொன்னது. அதற்கு மேல் ஒரு வார்த்தை படிக்கக் கூடாது. ஒருமுறை ஆசையாக அடுத்த வரிக்குப் போனபோது அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். "அவுரு இன்னா உன் வேலக்காரரா, நீ கேக்கக் கேக்கப் பேசிக்கினே கீறதுக்கு? குடுத்த வரைக்கும் வாங்கிக்கோ, போதும்."

சில நாள் வேடிக்கையாகக்கூட இருக்கும். வனாந்தரத்தில் போட்ட கூடாரத்தின் திரைச்சீலைக்கு எத்தனை முழ நீளம், எத்தனை முழ அகலம் என்று ஒரு நாள் வந்தது. அம்மா வெகுநேரம் யோசித்துவிட்டு, அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் கிழிந்துகிடந்த போர்வையை எடுத்துத் தைத்து முடித்தாள். பக்கத்து வீட்டு மேரியக்கா, தன் மருமகள் கோபித்துக்கொண்டு போன நாளில் வந்து தொட்டு, மலட்டுப் பசுவைப் பற்றி ஏதோ வந்ததென்று ஒரு வாரம் சாப்பாடு இறங்காமல் கிடந்தாள். மழைக்கு முன்னும், நடவுக்கு முன்னும், பெண் பார்க்கப் போகும் முன்னும் எங்கள் வரிசையில் எல்லாரும் அம்மாவைத் தொடச் சொல்லித்தான் கேட்பார்கள். அவள் விரல் ராசியான விரல் என்று பேர்.

சாபமும் ஐயோ என்ற புலம்பலும் வருகிற நாட்கள்தான் என்னைக் கொன்றன. தம்பி பிறப்பதற்காக அம்மா வலியோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையிலும் தொடாமல் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். தாய்மார்கள் அழுகிறார்கள், தேறுதல் இல்லை என்கிற மாதிரி ஒரு வசனம் வந்தது. வேறு எதையாவது சொல்லிவிடலாம், அம்மாவுக்கா தெரியப்போகிறது என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் பொய் சொன்னால் அந்தப் பொய்யும் கடவுள் பேசினதாக ஆகிவிடுமே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. தேம்பித் தேம்பி அழுதுகொண்டே, இருந்ததை இருந்தபடியே படித்தேன். அம்மா மாட்டு வண்டியில் ஏறிப் போனாள். தம்பி நல்லபடியாகப் பிறந்து வீட்டுக்கு வந்த பிறகு, "அழுகைன்னு வந்துதில்ல? பொறந்த ஒடனே இவன் போட்ட கூச்சல் அழுகை இல்லாம இன்னா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வயதில் எனக்குக் கடவுள் மேல் பக்தி இருந்ததா என்று யாராவது கேட்டால், பயம் இருந்தது என்றுதான் சொல்வேன். தினமும் வாசலில் நின்று ஒரு வார்த்தை எறிந்துவிட்டு, அதற்கு அர்த்தம் கேட்பதற்குள் போய்விடுகிற மேஸ்திரியைப் போலத்தான் அவரை நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடவில்லை. ஏரி நிரம்பி, கலங்கல் வழியாக உபரித் தண்ணீர் இரைந்துகொண்டு போனது. ஏரி நிரம்பினால் ஊருக்குச் சந்தோஷம், காலனிக்குப் பயம். கரை கசிகிறது என்று பறை அடித்ததும், காலனி ஆண்கள் எல்லாரும் மண்வெட்டியும் வைக்கோல் கட்டும் மணல் மூட்டையுமாகக் கரைக்கு ஓடினார்கள். இடுப்பளவுச் சேற்றில் நின்று அடைத்ததெல்லாம் அவர்கள்தான். நாங்கள் கீழே வீட்டுக்குள் உட்கார்ந்து, இரைச்சல் கூடுகிறதா குறைகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தோம்.

மத்தியானம் தாண்டி நைனா ஓடி வந்தார். உடம்பெல்லாம் சேறு, உதடு வெளுத்திருந்தது. வாசலுக்குள் வராமல் நின்றபடியே அம்மாவிடம் சொன்னார்: "தெக்கால கரை நெகியுது. இங்க இருக்காதீங்க. புள்ளைங்கள இட்டுக்கினு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிடு."

அம்மா அசையவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. நான் கைக்குழந்தையாக இருந்தபோது இதே போல ஒரு வெள்ளத்தில் காலனி ஜனங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார்கள். வராந்தாவில் ஏறக் கூடாது என்று சொல்லி, விறகு அடுக்குகிற கொட்டகையில் நிற்க வைத்துவிட்டார்கள். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பகலும் ஒரு இரவும் ஒழுகுகிற அந்தக் கொட்டகையில் நின்றவள் அம்மா. செத்தாலும் அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்க மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லியிருந்தாளாம்.

"தொட்டுப் பாக்கலாம். போன்னா போறேன்" என்றாள்.

நைனாவுக்கு எரிச்சல் வந்தது, ஆனால் புத்தகம் என்றால் அவர் அடங்கிவிடுவார். சேற்றுக்கை என்று அதை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. அம்மா பெட்டியிலிருந்து எடுத்து, கண்ணை மூடித் திறந்து, விரலை வைத்தாள். நான் குனிந்து பார்த்தேன். எகிப்தை விட்டுப் புறப்பட்ட ஜனங்கள் முன்னால் கடலும் பின்னால் சேனையுமாக மாட்டிக்கொண்டு அலறுகிற இடம். பயப்படாதீர்கள், நின்றுகொண்டு கர்த்தர் செய்வதைப் பாருங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. படித்தேன். அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது.

"பாத்தியா? நில்லுன்றாரு. நான் எங்கியும் வர்ல."

"நின்னா முய்கிப் பூடுவடி" என்றார் நைனா. கரையிலிருந்து அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அம்மாவைப் பார்த்தார், ஏணையில் தூங்கிய தம்பியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "பாப்பா, நீயாவது உங்கம்மாக்குச் சொல்லு" என்று சொல்லிவிட்டு மழைக்குள் ஓடினார்.

அவர் போனதும் மேரியக்கா தன் வாசலிலிருந்து கத்தினாள். "இன்னா வந்துது உனக்கு?"

"நில்லுன்னு வந்துது" என்றாள் அம்மா.

"நில்லுன்னு வந்துதாம்" என்று மேரியக்கா அடுத்த வீட்டுக்குச் சொன்னாள். அடுத்த வீடு அதற்கடுத்த வீட்டுக்குச் சொன்னது. நான் படித்த வசனம் வீடு வீடாகப் போய், கட்டிய மூட்டைகளை எல்லாரும் அவிழ்த்துக் கீழே வைப்பதை வாசலில் நின்று பார்த்தேன். என் வாயில் வந்த ஒரு வரிக்காக இந்த வரிசை முழுக்க இந்தப் பள்ளத்தில் உட்காரப் போகிறது என்று தெரிந்தது. வாசல்படிக்கு வெளியே தண்ணீர் வந்து நின்றிருந்தது. அதில் எங்கள் வீட்டுத் துடைப்பம் மெல்லச் சுற்றிச் சுற்றி மிதந்தது.

அம்மா நிம்மதியாக உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினாள். புத்தகம் இன்னும் என் மடியில் திறந்தே கிடந்தது. வாயை மூடினால் ஏரியின் இரைச்சல் கேட்கும். அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே தொடர்ந்து படிக்க ஆரம்பித்தேன். புத்திசாலித்தனம் எல்லாம் ஒன்றுமில்லை, இருட்டில் போகிறவன் உரக்கப் பாடிக்கொண்டு போவானே, அந்த மாதிரிதான்.

"போதும்டி. தொட்டது அவ்ளோதான்" என்றாள் அம்மா.

என்னால் நிறுத்த முடியவில்லை. கர்த்தரே உங்களுக்காகச் சண்டை போடுவார், நீங்கள் சும்மா இருங்கள் என்கிற அடுத்த வசனத்தையும் படித்தேன். அதற்கு அடுத்ததையும் படித்தேன். அதில், ஏன் என்னிடம் முறையிட்டுக்கொண்டு இருக்கிறாய், ஜனங்களைப் புறப்பட்டுப் போகச் சொல் என்று இருந்தது. படித்து முடித்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

அம்மாவின் கை முறத்தில் அப்படியே நின்றது. "இன்னா சொன்ன?"

மறுபடி படித்தேன்.

"நீயா சேத்துக்கினியா? உங்க நைனா சொல்லச் சொன்னாரா?"

"இல்லம்மா. இதுலயே கீதும்மா." எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுத்து தெரியாதவளிடம் எழுத்தைக் காட்டி எப்படி நிரூபிப்பது? புத்தகத்தைத் தூக்கி அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். அவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தாள். அந்த நேரத்தில் அவளுக்குள் என்ன ஓடியது என்று பிற்பாடு அவளே சொன்னாள்: ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கே மாற்றிப் படிக்காதவள் இன்றைக்கா மாற்றப் போகிறாள் என்று நினைத்தாளாம்.

"ரெண்டும் ஒரே எடத்துலயா கீது?"

"ஆமா. நடுவுல ஒண்ணே ஒண்ணுதான்."

"நில்லுன்னு சொன்னது யாரு?"

அதுவரை யார் சொன்னது என்று நாங்கள் பார்த்ததே இல்லை. தொட்டால் எல்லாமே அவர் சொன்னதுதான். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மேலே தேடினேன். "அது அவங்கள இட்டுக்கினு வந்த தலைவரும்மா."

"கெளம்புன்றது?"

"அது கர்த்தரே."

வெளியே எங்கோ ஒரு மாடு விடாமல் கத்தியது. அம்மா முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்து, தம்பியை ஏணையிலிருந்து வாரித் தோளில் போட்டாள். புத்தகத்தை யூரியா பையில் சுற்றி என் தலையில் வைத்தாள். வாசலில் இறங்கியதும் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, அந்த வரிசைக்கே கேட்கும்படி கத்தினாள்: "ஏ மேரி! பாதிதான் கேட்டோம்டி! மீதியில போகச் சொல்லிக் கீது, வாங்க எல்லாரும்!"

பள்ளிக்கூடம் போய்ச் சேருமுன்னரே இருட்டிக்கொண்டு வந்தது. அம்மா விறகுக் கொட்டகைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகப் படியேறி வராந்தாவில் தம்பியைக் கிடத்தினாள். சாவி வைத்திருந்த ஊர்க்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, கொட்டகைக்குப் போகும்படி கையைக் காட்டினார். "கெளம்பிப் போன்னுதான் எங்களுக்கு உத்தரவு. எங்க குந்தறதுன்னு சொல்லல. நாங்க இங்கியே குந்திக்கிறோம்" என்றாள் அம்மா. அவர் எங்களை வரிசையாக ஒரு பார்வை பார்த்து, ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். அறைகளைத் திறந்துவிடவில்லை, ஆனால் இறக்கிவிடவும் இல்லை.

நைனா விடிந்த பிறகுதான் வந்தார். அவர் வருகிற வரைக்கும் நான் என்னென்ன நினைத்தேன் என்பதை இப்போதும் எழுத மனம் வரவில்லை. கரை தப்பிவிட்டது. ஆனால் காலனிக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்று, ஊறிப்போன மண்சுவர்கள் பல வீடுகளில் உட்கார்ந்துவிட்டன. எங்கள் வீட்டைப் பற்றிக் கடைசியில்தான் சொன்னார். "பின்பக்கத்துச் செவுரு உள்ள உழுந்துடுச்சி" என்றார். தம்பியைப் பார்த்துக்கொண்டே, "ஏணை கட்டன எடத்துல" என்றார். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அதிசயம் என்று காலனி முழுக்கப் பேச்சாகிவிட்டது. அம்மாவின் விரல் இன்னும் பெரிய விரலாகிவிட்டது. தண்ணீர் வடிந்த வாரத்திலேயே மேரியக்கா வந்து, வீட்டை அதே இடத்தில் கட்டலாமா என்று தொட்டுச் சொல்லச் சொன்னாள். அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இனிமே தொடறது இல்ல மேரி. இத்தினி வருசமா அவுரு பேசி முடிக்கிறதுக்குள்ள நாம எய்ந்து வந்துக்கினு இருந்தோம். வந்ததும் இல்லாம அவுரு மேல பழியும் போட்டுக்கினு இருந்தோம்."

அன்றிலிருந்து முதல் பக்கத்தில் தொடங்கித் தினமும் விளக்கேற்றியதும் ஓர் அதிகாரம் படித்தோம். காலையில் அவசரமாக ஒரு வரி பிடுங்கிக்கொண்டு ஓடுவது நின்றுபோனது. அம்மா சாமி கும்பிடுகிறவள் மாதிரி இல்லாமல், வந்த விருந்தாளியிடம் பேசுகிறவள் மாதிரி காலை நீட்டி உட்கார்ந்து கேட்பாள். பிடிக்காத இடத்தில் "இது இன்னா நியாயம்?" என்று கேட்பாள். கர்த்தர் கோபித்துக்கொண்டு, பிறகு மனம் இரங்குகிற இடங்களில், "அதான் தெரியுமே, அவுரு கொணம் அப்பிடி" என்று புருஷனைப் பற்றிச் சொல்லுகிற தொனியில் சொல்வாள். எனக்கு வயிற்று வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. பயந்த சுபாவம் எங்கே போகும்? ஆனால் நான் படிக்கிற ஒரு வரியில் உலகம் தொங்கவில்லை என்பது தெரிந்த பிறகு, அடுத்து என்ன வருகிறது என்று எதிர்பார்த்துப் படிக்க முடிந்தது. வாசலில் நின்று பேசிவிட்டுப் போகிற மேஸ்திரி மெல்ல மெல்ல உள்ளே வந்து உட்கார்ந்தார்.

எனக்குக் கல்யாணமாகிச் செங்கல்பட்டுக்கு வந்தபோது மூன்றாம் முறையாகத் தீர்க்கதரிசிகள் வரை வந்திருந்தோம். தம்பிக்குப் படிப்பில் நாட்டமில்லை, ஓட்டுநர் வேலைக்குப் போய்விட்டான். அம்மாவுக்கு யார் படிப்பார்கள் என்கிற கவலை என்னை அரித்தது. ஒருமுறை சொல்லாமல் ஊருக்குப் போய் நின்றபோது, விளக்கை ஏற்றி வைத்து, புத்தகத்தை மடியில் திறந்துபோட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். நைனா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"உனக்குத்தான் படிக்கத் தெரியாதே, இன்னாம்மா பண்ற?" என்றேன்.

"அவுரு கூட குந்திக்கினு கீறேன்" என்றாள்.

அம்மாவும் இல்லை, நைனாவும் இல்லை. காலனியில் இப்போது எல்லாம் காங்கிரீட் வீடுகள். மண்சுவரைக் காட்டு என்றால் காட்ட முடியாது. ஏரியில் பாதிக்குக் கருவேல முள், கலங்கல் வழிந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. சாயங்காலம் உரக்க வேதம் படிக்கிற பிள்ளைக் குரல் எந்த வீட்டிலிருந்தும் கேட்பதில்லை. விடிந்தால் சபைக் குழுவில் பூப்படத்தோடு ஒரே ஒரு வசனம் போனில் வந்து விழுகிறது, எல்லாரும் பதிலுக்குக் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டு வைக்கிறோம், வேலைக்குப் போகிறோம்.

போன வருஷம் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஆபரேஷன். உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். பையில் புத்தகம் இருந்தது. கண்ணை மூடித் தொட்டுவிடு, தொட்டுவிடு என்று விரல் துடித்தது. பிழைப்பாரா மாட்டாரா, ஒரே ஒரு வரி, எனக்கு வேறெதுவும் வேண்டாம். மிகவும் கஷ்டப்பட்டுத்தான் கையை அடக்கினேன். முந்தின நாள் விட்ட இடத்தைத் திறந்தேன். வெறும் பெயர்கள். இன்னார் குமாரர் இன்னார், அவர் குமாரர் இன்னார் என்று பக்கம் பக்கமாக, எப்போதோ செத்துப்போன யாரோ மனிதர்களின் பெயர்கள். அதில் எனக்கு ஒரு வாக்கும் இல்லை, ஆறுதலும் இல்லை. ஆனாலும் பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பதையும் பொருட்படுத்தாமல், வாய்விட்டு ஒவ்வொரு பெயராகப் படித்தேன். வீட்டுக்காரர் பிழைத்து வந்தது பின்னால் நடந்தது, அப்போது எனக்கு அது தெரியாது. கதவு திறந்து என்னைக் கூப்பிடுகிற வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை, கர்த்தரும் எழுந்து போகவில்லை.